குறுக்குவழிக்கும் விலை உண்டு

மாணவர்களே, உங்கள் பூப்பந்து மட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கிராஃபைட்’ என்று அச்சிட்டிருக்கலாம். உண்மையில் அது பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குடன் அமைந்திருக்கும். சாதாரண கார்பன் இழையில் அந்த ஒழுங்கு முழுமையாக இருப்பதில்லை.

அதைக் கொண்டுவர, காற்றில்லாத உலையில் இழையை 2000 முதல் 3000 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். இரும்பே 1538 பாகையில் உருகிவிடும். அப்படியென்றால் இந்த உலைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்!

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. இழையின் மேல் நிக்கல் பூசினால், ஏறத்தாழ 1000 பாகையிலேயே கிராஃபைட் உருவாகத் தொடங்கும். கற்கண்டு எப்படி உருவாகிறது? பாகில் கரைந்த சர்க்கரை, நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளர்கிறது. அதுபோல, ஒழுங்கற்ற கார்பன் நிக்கலில் கரைந்து, ஒழுங்கான கிராஃபைட்டாக வெளியே படிகிறது. நிக்கல் நிக்கலாகவே இருக்கிறது. ஆக, அது ஒரு வினையூக்கி.

“வினையூக்கி என்றால் என்ன?” என்று வகுப்பில் கேட்டால், “தான் மாறாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள்” என்று உடனே பதில் வரும். முழுப் புள்ளியும் கிடைக்கும். என் கவலையே அதுதான். இந்த ஒரு வரியை மட்டும் மனனம் செய்தால், வினையூக்கி ஏதோ இலவச உதவி என்று தோன்றிவிடுகிறது.

அது இலவசம் அன்று. கார்பன் இழையின் வலிமைக்குக் காரணம், அதன் அடுக்குகள் இழையின் நீளவாக்கில் அமைந்திருப்பதே. நிக்கல் வழியாக உருவாகும் படிகங்கள் அந்தத் திசையைப் பின்பற்றுவதில்லை. அதனால் இழை வலிமை இழக்கிறது. 1960களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்துவிட்டார்கள். மேலும், எஞ்சிய உலோகத்தை அமிலத்தால் கழுவி நீக்க வேண்டும். இல்லாவிட்டால், காற்றில் சூடேறும்போது இழை விரைவாக எரிந்துபோகும்.

அப்படியானால் உலோகப் பூச்சு வேண்டாமா? வேண்டும், இடம் பார்த்து. மின்கல மின்முனைக்கு மின்சாரத்தை நன்கு கடத்தும் இழை தேவை. அங்கே இது கைகொடுக்கும். மட்டைக்கும் விமான இறக்கைக்கும் வலிமையே முக்கியம். அங்கே இது பொருந்தாது.

தேர்வில் அந்த ஒரு வரி விடையையே எழுதுங்கள். ஆனால் உங்கள் குறிப்பேட்டில் அதன் கீழே ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள்: “இதனால் எதை இழக்கிறோம்?” அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.