'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற பொய்

தாம்பரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "முதலில் அடுக்குமாடி பார்க்கிங்கைக் கட்டிவிடுவோம். நாளைக்கு வண்டி குறைந்தால் கடையாகவோ ஆபீஸாகவோ மாற்றிக்கொள்ளலாம்." 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆவதற்கு முன்பிருந்தே இதைக் கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

"காரையே தாங்குகிற தளம் கடையைத் தாங்காதா?" என்பார்கள். தாங்கும் என்று யார் சொன்னது? கட்டிடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-ஐப் பிரித்துப் பாருங்கள். சாதாரண கார்கள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ போதும். கடைக்கு 4, ஏறக்குறைய 400 கிலோ. கார் பார்வைக்குத்தான் கனம். சுற்றிலும் இடம்விட்டுத் தனியாக நிற்பதால் அதன் எடை பரவிவிடுகிறது. அதே இடத்தில் ஒரு ஜவுளிக்கடை வந்தால் அலமாரி, துணி மூட்டை, தீபாவளிக் கூட்டம் எல்லாம் சேர்ந்து நிற்கும். 250-க்குக் கணக்குப் போட்டு வார்த்த ஸ்லாபை அப்போது என்ன செய்வீர்கள்? தளத்தையும் பீமையும் தூணையும் மாடிக்கு மாடி பலப்படுத்த வேண்டும். அந்தச் செலவைப் பார்த்ததும் இடித்துவிடலாம் என்றுதான் முடிவெடுப்பார்கள்.

உயரமும் இடிக்கிறது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வண்டி நிறுத்தத்துக்குக் கேட்பது 2.4 மீட்டர்; மனிதர் புழங்கும் அறைக்கு 2.75. குறைந்தபட்சத்தைத் தாண்டி ஓரங்குலம்கூடக் கட்டாத ஊர் இது. தளமே சரிவாகச் சுற்றி ஏறும் கட்டிடத்தில் மேசை நாற்காலி நிற்காது. நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. கழிவறைக் குழாய் இறக்க வழி விட்டிருக்க மாட்டார்கள். இயந்திரம் காரைத் தூக்கி வைக்கும் அடுக்கிலோ, மனிதன் நிற்கத் தளமே கிடையாது.

"மண்ணுக்கடியில் கட்டினால் இடம் மிச்சம்" என்பது அடுத்த வாதம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். இதையும், 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதையும் மறந்தவர்கள்தான் பள்ளம் தோண்டச் சொல்வார்கள்.

"வண்டி குறையவே குறையாது, மாற்றவே வேண்டியிராது" என்பவர்களும் உண்டு. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ திட்டம் பிறகு எதற்கு?

"அமெரிக்காவில் மாற்றுகிறார்களே" என்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். சின்சினாட்டி நகரில் 2015-இல் திறந்த '84.51°' அலுவலகக் கட்டிடத்தின் பார்க்கிங் தளங்கள், பின்னாளில் அலுவலகமாக மாறும்படி வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டவை. முதல் நாளே யோசித்தார்கள். கட்டி முடித்த பிறகல்ல. கூடுதல் செலவு ஆகுமே என்றால், ஆகும். இடித்துக் கட்டுவதைவிடக் குறைவுதான்.

உங்கள் வார்டுக்கு ஒரு பார்க்கிங் கட்டிடம் வருகிறது என்றால் டெண்டருக்கு முன்பே வரைபடத்தைக் கேளுங்கள். தளம் சமமா, சாய்தளம் தனியாகக் கழற்றக்கூடியதா, உயரம் எவ்வளவு, எத்தனை கிலோவுக்குக் கணக்கு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராத கட்டிடத்துக்கு நம் வரிப்பணத்தில் ஒரு ரூபாயும் போக விடாதீர்கள்.