இசைவும் சாங்ஷனும்

அலுவலகக் கோப்புகளோடு வாழும் நாம் வீட்டிலும் 'சாங்ஷன்', 'அப்ரூவல்' என்றே பேசுகிறோம்; வினவினால், தமிழில் அத்துணை நுட்பமான சொற்கள் இல்லை என்கிறோம். ஆங்கிலத்தின் நுட்பந்தான் யாது? செலவுக்கு அளிக்கும் இசைவும் சாங்ஷன். ஒரு நாட்டின்மீது பிற நாடுகள் விதிக்கும் தடையும் சாங்ஷன்! தமிழோ, பிறர்க்காகப் பரிந்து சொல்வதைப் பரிந்துரை என்றும், கருத்து ஒத்துவருவதை ஒப்புதல் என்றும், மனம் இசைந்து உடன்படுவதை இசைவு என்றும் பிரித்துக் காட்டுகிறது. புதுநூலை அவையோர் கேட்டு ஏற்பதற்கு அரங்கேற்றம் எனத் தனிச்சொல்லே படைத்த மொழியன்றோ இது! 1956-இல் சட்டத்தால் ஆட்சிமொழியானதும் இம்மொழியே. அயல்மாநிலத்தில் வளரும் நம் சிறார்க்குத் தமிழ்ப்பள்ளி நம் வாய்ச்சொல்லே. வீட்டிலும் தமிழுக்கு நாமே இசைவு தர மறுப்போமாயின், வேறெவர் தருவார்?