மடியில் வைத்தால் போதுமா? காரில் பிள்ளைகளை ஏற்றும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பழைய மகாபலிபுரம் சாலையோரம் குடியிருக்கும் நமக்கு அந்தச் செய்தியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் இறுதியில், திருப்போரூர் அருகே, முன்னால் போன கார் திடீரென்று திரும்ப, பின்னால் வந்த கார் அதன்மேல் மோதியது. பின்னால் வந்த காரின் முன் இருக்கையில் அப்பாவின் மடியில் இருந்த 7 வயதுப் பையன், ஏர்பேக் விரிந்த வேகத்தில் இறந்துபோனான். 2024 டிசம்பரில் நவி மும்பையின் வாஷியிலும் முன் இருக்கையில் இருந்த 6 வயதுச் சிறுவனுக்கு இதே கதிதான்.

திருப்போரூர்க் குடும்பத்தைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஊரே செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். எங்கள் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது, அதாவது ஒன்றுமே நடக்காததைப் பற்றியது. ஒரு வாரம் வாட்ஸ்அப் குழுக்களில் அழுதோம். பிறகு பழையபடி பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சனிக்கிழமை மாலை சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று பாருங்கள். டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கும் மூன்று வயதுக் குழந்தை. ஸ்டீயரிங்குக்கும் அப்பாவின் வயிற்றுக்கும் நடுவே உட்கார்ந்து ‘வண்டி ஓட்டும்’ பையன். தான் போட்ட பெல்ட்டுக்குள்ளேயே கைக்குழந்தையையும் சேர்த்து இறுக்கி, பத்திரமாக வைத்திருப்பதாக நம்பும் அம்மா. வண்டி மோதினால் அந்த அம்மாவின் மொத்த எடையும் குழந்தைமேல்தான் விழும். பெல்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து நசுக்கும்.

‘என் கை இறுகப் பிடித்திருக்கும், விடாது’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நிற்பது, மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அந்த நொடியில் 10 கிலோ குழந்தை ஏறத்தாழ 300 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தகப்பன் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக்கோ பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்காகச் செய்தது. கண் இமைப்பதற்குள், மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் வெடித்து வெளியே வரும். மடியில் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கும் அதற்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஏர்பேக் உள்ள காரில் முன் இருக்கையின் சன் வைஸரை மடக்கிப் பாருங்கள். குழந்தை சீட்டைக் கோடு போட்டு அடித்த எச்சரிக்கைப் படம் அங்கேயே இருக்கும். அதன்மேல்தான் நம்மில் பலர் சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

எண்களையும் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 16,715. அதில் பாதிக்குப் பாதி, 8,331 பேர், வண்டியை ஓட்டாமல் கூட உட்கார்ந்து வந்தவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான். சாவு 17,884. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இறந்ததும் அந்த 2022 செப்டம்பரில்தான். அதற்குப் பிறகும் நாம் திருந்திய லட்சணம் என்ன? பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரத்தின் வாயை அடைக்கும் கிளிப்புகள் ஆன்லைனில் அமோகமாக விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஹெல்மெட்டுக்காக வண்டியை மடக்கும் காவலர், மடியில் குழந்தை இருக்கும் காரைக் கையசைத்து அனுப்பிவிடுகிறார். அவரையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளையைக் காப்பாற்ற அபராதச் சீட்டு வரட்டும் என்று காத்திருப்பது என்ன நியாயம்?

எதை வாங்குவது என்ற குழப்பம் நியாயமானது. வயதை மட்டும் பார்க்காதீர்கள்; எடையும் உயரமும்தான் கணக்கு. கைக்குழந்தைக்குப் பின்னோக்கி அமரும் சீட். குறைந்தது 15 மாதம் வரை, சீட் இடம் கொடுத்தால் அதற்கு மேலும். அதைப் பின் இருக்கையில்தான் மாட்ட வேண்டும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் மாட்டவே கூடாது. அடுத்து, ஏறத்தாழ 18 கிலோ வரை முன்னோக்கி அமரும், தோள் பட்டைகளோடு கூடிய சீட். அதற்குப் பிறகு பூஸ்டர். காரின் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளிலும், வயிற்றை அழுத்தாமல் இடுப்பெலும்பிலும் படியவைப்பதுதான் அதன் வேலை. உயரம் 145 செ.மீ. வரும்வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வயதுவரை, அது தேவைப்படும். தலையணையைப் போட்டு உட்காரவைப்பது பூஸ்டர் ஆகாது, நழுவிவிடும். சீட்டில் இந்திய ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய ஆர்44, ஆர்129 தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் சிக்கிய பழைய சீட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: தடித்த ஸ்வெட்டரோடு பட்டையை மாட்டினால் உள்ளே தளர்வாகிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி, பட்டையை இறுக்கி, மேலே போர்த்திவிடுங்கள்.

‘ரெண்டு வருஷம்தானே, எதுக்குச் செலவு?’ என்று கேட்பவர்கள்தான், சன்ரூஃப் வைத்த மாடலுக்கு யோசிக்காமல் கூடுதல் பணம் கட்டுகிறார்கள். ‘சீட்டில் போட்டால் அழுகிறான்’ என்கிறார்கள். தடுப்பூசி போடும்போதும்தான் அழுதான். அதற்காகப் போடாமல் விட்டோமா? குழந்தை இருக்கை சரியாகப் பயன்பட்டால் இறப்பு 60 சதவீதம் வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பொங்கல் விடுமுறைக்கு டிராவல்ஸ் வண்டி பேசப்போகிறீர்கள். ‘ஏசி இருக்கா, கேரியர் இருக்கா’ என்று கேட்கும் வாயால், பின் இருக்கையில் தோளோடு சேர்ந்த பெல்ட் வேலை செய்கிறதா, குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா என்றும் கேளுங்கள். இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் பூஸ்டர் பயன்படாது. குழந்தை சீட்டை வாடகை வண்டியில் எதிர்பார்க்காதீர்கள். உங்களுடையதைக் கையோடு கொண்டுபோங்கள். ‘மடியில வச்சுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லும் டிரைவரின் வண்டி நமக்கு வேண்டாம். பத்துக் குடும்பம் வேண்டாமென்றால் பதினோராவது வண்டியில் பெல்ட் சரியாக இருக்கும்.

தாத்தா, பாட்டிகளுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: பேரப்பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் ஆசை வீட்டோடு இருக்கட்டும்.

எங்கள் குடியிருப்புகளில் இனி மடியில் பிள்ளையோடு முன் இருக்கையில் யார் கிளம்பினாலும், கேட்டில் நிறுத்திச் சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர், சங்கத் தலைவர், கலெக்டர் என்று பார்க்கமாட்டோம். ‘உங்க வேலையைப் பாருங்க’ என்று திட்டுவீர்கள், திட்டுங்கள். மறுபடி ஒரு வாட்ஸ்அப் இரங்கலுக்குக் கும்பிடு எமோஜி போட்டு ஒதுங்கிக்கொள்ள எங்களால் முடியாது. உங்கள் குடியிருப்பிலும் இதையே செய்யுங்கள், இந்த விடுமுறைக்கு முன்பே.

இப்படிக்கு,
பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகளைச் சேர்ந்த பெற்றோர்