மருந்துக்கு வழி தெரியுமா?

தலையிடிக்கென ஒரு குளிகையை விழுங்குகிறோம். நோவு இருப்பது தலையில். குளிகை செல்வதோ வயிற்றுக்கு. ஆயினும் சிறிது நேரத்தில் நோவு தணிகின்றது. "தலை இருக்கும் இடம் இம்மருந்துக்கு எப்படித் தெரிந்தது?" என்று வீட்டிலுள்ள சிறுவர் கேட்டால், நம்மிற் பலர் விடை கூற இயலாது திகைப்போம்.

உண்மையில் மருந்துக்கு எந்த வழியுந் தெரியாது. குடலிலிருந்து குருதியிற் கலந்த மருந்து, குருதி செல்லும் இடங்களுக்கெல்லாம் செல்கின்றது. அங்ஙனமாயின், அது சில உறுப்புக்களில் மட்டும் வேலை செய்வது எவ்வாறு? இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

1905 ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் லாங்லி, கோழியின் தசையிற் செய்த பரிசோதனைகளை வெளியிட்டார். புகையிலையிலுள்ள நிக்கொற்றின் பட்டதும் தசை சுருங்கியது. தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அது அழிந்துபோன பின்னரும் சுருங்கியது. தென்னமெரிக்க வேடர் அம்பு நுனியிற் பூசிவந்த குராரி என்னும் நஞ்சை இட்டபோது நிக்கொற்றின் பயனற்றுப் போயிற்று. ஆனால், அத்தசையையே மின்சாரத்தால் நேரே தூண்டியபோது அது முன்போலச் சுருங்கியது. ஆகவே, மருந்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் தசைக் கலத்தில் இருத்தல் வேண்டுமென லாங்லி துணிந்தார். அதனையே இன்று 'வாங்கி' என்கிறோம். வாங்கிகள் புரதங்களாலானவை, பெரும்பாலானவை கலத்தின் மேற்பரப்பில் உள்ளன.

வாங்கியைப் பூட்டென்று கொண்டால், உடலில் இயல்பாகச் சுரக்கும் பொருள் அதற்குரிய திறப்பாகும். மருந்து கள்ளத் திறப்புப் போன்றது. சில மருந்துகள் பூட்டைத் திறக்கும். சில உள்ளே நுழைந்து, திறவாமலும் உரிய திறப்புக்கு இடங்கொடாமலும் நிற்கும். எல்லா மருந்துகளும் வாங்கிகளையே நாடுவன அல்ல. அஸ்பிரின், நோவை மிகுவிக்கும் பொருள்களை ஆக்குகின்ற ஒரு நொதியத்தைத் தடுக்கின்றது. தலையிடி தணிவது அதனாலேயாம்.

அச்சமோ அவசரமோ நேரும்போது நம் உடலில் அதிரினலின் மிகுதியாகச் சுரக்கின்றது. நெஞ்சு படபடக்கின்றது, மூச்சுக் குழாய்கள் விரிகின்றன. இச்சுரப்புக்கு அல்பா, பீற்றா என இருவகை வாங்கிகள் உண்டென 1948 இல் அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்ட் எழுதினார். பல ஆண்டுகள் அக்கருத்தைப் பொருட்படுத்தியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுநோயாளரின் இருதயத்துக்குக் கூடுதலாக ஒட்சிசன் கிடைக்கச் செய்வதினும், அதன் வேலைப்பளுவைக் குறைத்தல் நன்றென அவர் எண்ணினார். இருதயத்தின் பீற்றா வாங்கிகளை அடைக்கும் பிறொப்பிறனலோல் என்னும் மருந்து அம்முயற்சியின் பயனாக 1964 இல் அறியப்பட்டது. 1988 இல் நோபல் பரிசு பெற்றோருள் பிளாக்கும் ஒருவர்.

ஆனால், அதே இனப் பூட்டு மூச்சுக் குழாய்களிலும் உண்டு. நெஞ்சுக்கு நன்மை செய்த குளிகை, தொய்வு நோயாளரின் மூச்சுக் குழாய்களை இறுகச் செய்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். பீற்றா வாங்கிகளிலும் இரு பிரிவுகள் உள்ளன என்பது 1967 இற் புலனாயிற்று. இருதயத்தில் ஒன்று மிகுதி. மூச்சுக் குழாயில் மற்றையது மிகுதி. அதன் பின்னரே, பெரும்பாலும் இருதயத்தை மட்டும் நாடும் அற்றனலோலும், பெரும்பாலும் மூச்சுக் குழாயைத் திறக்கும் சல்பூற்றமோலும் வழக்கிற்கு வந்தன. இங்கே 'பெரும்பாலும்' என்ற சொல்லை நேயர்கள் மறத்தலாகாது. சல்பூற்றமோலை உள்ளிழுத்தவருக்குச் சிலவேளை கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும், அம்மருந்து பிற இடத்துப் பூட்டுக்களையும் தொடுவதனாலாம்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தமக்குச் சுகங்கொடுத்த குளிகையை, அதே குறைபாடுடைய அயலவருக்கும் அன்போடு எடுத்துக் கொடுப்பர். "எனக்கும் பிறஷர், உமக்கும் பிறஷர், இதைப் போட்டுப் பாரும்" என்பர். கொடுப்பவரின் அன்பில் ஐயமில்லை. ஆயினும், வாங்குபவருக்கு இளமையில் தொய்வு இருந்ததா என்பதைக் கொடுப்பவர் அறியார், குளிகையும் அறியாது. அதனைக் கேட்டறிய வேண்டியவர் வைத்தியரே. அவர் கேட்க மறந்தாலும் நாமாகவே சொல்லிவிடல் வேண்டும்.

மற்றுமொன்று. நெடுநாள் அடைபட்டிருக்கும் கலம், குறையை ஈடுசெய்யப் புதிய வாங்கிகளை ஆக்கிக்கொள்ளும். அந்நிலையில் மருந்தைச் சடுதியாக நிறுத்தினால், அதிரினலின் முன்னிலும் கடுமையாகத் தாக்கும். நெஞ்சுநோயாளருக்கு அது பேரபாயம். ஆதலால், சுகமாகிவிட்டதென எண்ணித் தாமே குளிகையை நிறுத்துவதும் தவறு. வைத்தியரின் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

வழியறியாத மருந்தை நம்பி உட்கொள்கிறோம். அதனைக் கொடுப்பவரேனும் வழியறிந்தவராக இருத்தல் வேண்டாமா?