பராமரிப்பு மட்டும் போதாது

‘ஒழுங்காகப் பராமரித்தால் போதும், வேகம் கூட்டிய படகு எஞ்சினுக்கு ஆயுள் குறையாது’ என்று வாதிடுகிறவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. யமஹாவின் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் 9.9 குதிரைத்திறனுக்கும் 15-க்கும் ஒரே 246 சிசி பிளாக்தான். சரி, 9.9-ஐ 15 ஆக்குவதை ஒப்புக்கொள்கிறேன். அதுவரை தாங்கும்படி கம்பெனியே செய்திருக்கிறது. அதைக் காட்டி, கம்ப்ரஷனைக் கூட்டுவதற்காக ஹெட்டை இழைப்பதையும் நியாயப்படுத்தலாமா? நம் கரையோரத்தில் பலரும் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள். அதில் கம்ப்ரஷனைக் கூட்டினால் நாக்கிங் வரும். பிஸ்டன் தலையில் முதலில் பொடிப்பொடியாகக் குழி விழும், பிறகு ஓட்டை. எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அது நிற்காது.

சுற்றைக் கூட்டுவதிலும் ஆபத்துதான். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சினை 6,000-க்கு விரட்டினால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை 44 சதவீதம் கூடுகிறது. காரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிப்பது சில நொடிகள்தான். படகுக்கோ கரை சேரும்வரை அதே சுமை. பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்களிடம் இப்படி எஞ்சினை மாற்றி வேகம் கூட்டும் யோசனையைச் சொல்வது பொறுப்பில்லாத செயல்.

வேகம் வேண்டுமா? அடிப்பாசியைச் சுரண்டுங்கள், படகுக்கேற்ற பிட்சில் புரொப்பெல்லர் மாட்டுங்கள். போதாவிட்டால், படகு தாங்கும் அளவுக்குப் பெரிய எஞ்சின் வாங்குங்கள். ஹெட்டில் கை வைக்காதீர்கள்.