கமுதிக் கோயிலும் சுக்கிலநத்தம் கல்யாணமும்

சென்ற மாதம் ஓர் இதழில் வந்த கட்டுரையை நண்பர்கள் பலர் அனுப்பி, பதில் எழுதுவீர்களா என்று கேட்டிருந்தார்கள். கட்டுரையின் வாதம் இதுதான்: தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர் முதலான பால்புதுமையினரின் உரிமை என்பதெல்லாம் பெருநகரத்துப் பேச்சு. அது கிராமத்துக்குள் நுழைந்தால் அடிபடுவது நம்பிக்கையுள்ளவர்களின் மத சுதந்திரம். ஒரு சிறு கூட்டத்துக்காக நீதிமன்றங்கள் ஊரின் பக்தியைக் காவுகொடுக்கின்றன. இத்தோடு விட்டிருந்தால் நாமும் பேசாமல் இருந்திருப்போம். ‘கரிசல் மண்ணைக் கேட்டுப் பாருங்கள், அது சொல்லும்’ என்று கட்டுரையாளர் எங்கள் மண்ணைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். சாட்சி சொல்ல வந்திருக்கிறோம்.

அந்தக் கட்டுரை முழுவதும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது. பக்தர்கள் ஒரு கூட்டம், பால்புதுமையினர் வேறொரு கூட்டம். இவர்களுக்குக் குலசாமி கிடையாது, நேர்த்திக்கடன் கிடையாது, வேளாங்கண்ணி கிடையாது, நோன்பு கிடையாது. யார் சொன்னது? குலசாமியின் மாசிக் களரித் திருவிழாவுக்கு வந்து நிற்கும் பங்காளிகளுக்குள் தன் மனசை யாரிடமும் திறக்காத ஒருவன் எப்போதும் இருக்கிறான். எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் கல்யாணமான ஆணுக்குத்தான் தலைக்கட்டு வரி. வரி நோட்டில் பெயர் ஏறியவனுக்குத்தான் கோயில் காரியத்தில் பேச்சும் பங்கும். நாற்பத்தைந்து வயதிலும் கல்யாணம் செய்துகொள்ளாதவன், அதற்கான காரணத்தையும் சொல்ல முடியாதவன், தகப்பன் பெயருக்குக் கீழேயே இருந்து முடிகிறான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையின் பெயர் அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. சாமி கும்பிடும் உரிமை பறிபோனவர்கள் யார் என்று கட்டுரையாளர் தேடியிருந்தால் இந்த நோட்டைப் புரட்டியிருக்கலாம்.

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அதையே சொன்னார். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணப்பெண்ணில் திருநங்கையும் அடக்கம் என்று கூறி, பதிவு செய்ய உத்தரவிட்டது. இவ்வளவும் செய்தித்தாளில் வந்ததுதான். கவனிக்காமல் விடப்பட்ட வரி ஒன்று அதே தீர்ப்பில் இருக்கிறது. கோயிலில் சடங்கோடு நடந்த திருமணத்தைப் பதிய மறுத்ததால், அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு இவர்களுக்குத் தரும் உரிமையும் மீறப்பட்டிருக்கிறது என்றது நீதிமன்றம். 25ஆம் பிரிவு என்பது மத சுதந்திரம். எந்தச் சுதந்திரத்துக்கு இவர்களால் ஆபத்து என்று கட்டுரையாளர் புலம்புகிறாரோ, அதே சுதந்திரத்தைக் கேட்டுத்தான் அந்த இருவரும் படியேறினார்கள்.

மண்ணின் சாட்சிக்கு வருவோம். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு போகும் குண்டாறு அடுத்துப் போய்ச் சேரும் பெரிய ஊர் கமுதி. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். ஆலயத்துக்குத் தீட்டு, மற்ற பக்தர்களின் வழிபாட்டுக்கு இடையூறு, காலங்காலமான வழக்கத்துக்கு விரோதம் என்று இராமநாதபுரம் சேதுபதி, கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தார். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்ற அதே பாஸ்கர சேதுபதி. கீழ்க்கோர்ட்டில் நாடார்கள் தோற்றார்கள், சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். வழக்கம் வென்றது. சட்டம் வந்து கதவு திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுழைய விடாதவர்கள் தங்களை மத சுதந்திரத்தின் காவலர்களாகத்தான் கருதினார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பக்தி எங்களுடையது, நீ வந்தால் அது கெடும் என்பதுதான் வாதம். இன்றைய கட்டுரையில் ஆள் மாறியிருக்கிறார், வாதத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பழைய ஈடுபாடு ஒன்று குறுக்கே வருகிறது. சுந்தரர் பாடிய திருச்சுழியல் எங்கள் திருச்சுழிதான். ரமண மகரிஷி 1879இல் பிறந்ததும் இங்கேதான். அவரைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1922 மே மாதத்து இரவுதான். தாய் அழகம்மாள் இறந்தபோது உடலை எரிப்பதா, ஞானிகளுக்குச் செய்வதுபோல் சமாதி வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. பெண்ணுக்குச் சமாதி உண்டா? ஞானத்தில் ஆண் பெண் பேதமில்லை என்று ரமணர் முன்பே பதில் சொல்லியிருந்தார். கணபதி முனியின் ரமண கீதையில் அது இருக்கிறது. திருவண்ணாமலை அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அதன் மேல் எழுந்ததுதான் மாத்ருபூதேசுவரர் கோயில். இதை வைத்து ரமணரைப் பால்புதுமையினரின் வக்கீலாக்க நான் வரவில்லை. சமயத்துக்குள் வழக்கம் நகரும், அதைச் சமயத்தில் ஊறியவர்களே நகர்த்துவார்கள் என்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளை ஒரு சான்று.

இதே வானம் பார்த்த பூமியில் இன்னொரு சான்றும் உண்டு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928 மே மாதம் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படிப்பட்ட திருமணங்கள் திருமணமே இல்லை. ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லாது என்றே சொன்னது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-அ பிரிவுதான், நடந்து முடிந்த கல்யாணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. கிட்டத்தட்ட நாற்பது வருடம் இந்தத் தம்பதிகள் சட்டத்துக்கு வெளியே குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், சொத்து வழக்கில் அவமானப்பட்டார்கள்.

கமுதிக்காரர்கள் கேட்டது உள்ளே போகும் உரிமை. சுக்கிலநத்தத்துக்காரர்கள் கேட்டது வெளியே நிற்கும் உரிமை. இரண்டும் சேர்ந்ததுதான் மனச்சாட்சிச் சுதந்திரம். எங்கள் முற்போக்கு நண்பர்களும் இதைக் கேட்க வேண்டும். மதத்தை உதறினால்தான் பால்புதுமையினருக்கு விடுதலை என்று அவர்கள் எழுதும்போது, அந்தக் கட்டுரையாளர் போட்ட கோட்டையே இவர்களும் கிழிக்கிறார்கள். சாமி கும்பிடுகிற திருநங்கையைக் கூவாகத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் படம் பிடித்துப் போடுவார்கள். மறுநாள் அவர் வாடகைக்கு வீடு கேட்டால் பத்திரிகை உலகத்துக்கு அது செய்தியில்லை. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவைப் பக்கம் பக்கமாக விவாதித்தன. அந்த விவாதங்களில் பாலியல் இருந்தது, அதிகாரம் இருந்தது, சொல்லாடல் இருந்தது. சேர்ந்து வாழ பஸ் ஏறி மதுரைக்கு ஓடிய பெண்கள் இல்லை.

மதுரையிலிருந்தும் ஓடினார்கள். சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே ஒருபால் உறவு புரியவில்லை என்று முதலில் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். நாற்காலியில் இருப்பவர் செய்த அந்த ஒரு காரியம், தமிழில் இது குறித்து வந்த பல நூறு பக்கங்களைவிட மேலானது என்று நினைக்கிறேன். பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், தன்பாலீர்ப்பை ஏற்கலாம் என்ற இந்தியர் 2014இல் நூற்றுக்கு 15, 2019இல் 37. 2023இல் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்றவர்கள் 53. அதே 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத்துக்கு இடமில்லை என்றது. திருநங்கை ஆணை மணக்கலாம். இரண்டு பெண்கள் மணக்க முடியாது.

பூசாரியோ பாதிரியாரோ தன் மனச்சாட்சி இடந்தராது என்று ஒரு சடங்கை நடத்த மறுத்தால்? அவரை நிர்ப்பந்திக்கக் கூடாது. சடங்கு அவருடைய விசுவாசம். அமெரிக்காவில் ஒருபால் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கடைக்காரரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, அங்கும் இந்த எல்லைக்கோடு எங்கே என்றுதான் மல்லுக்கட்டினார்கள். 2018இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தாலும் கோடு எங்கே என்பதற்கு முழு விடை அதில் இல்லை. நம் ஊரில் எனக்கு இதில் சந்தேகமில்லை. பதிவாளர் மேசை கருவறை அல்ல. அறநிலையத் துறைக் கோயிலில் ரசீது போடும் ஜன்னலும் கருவறை அல்ல. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஊர்ப் பணத்தில் சம்பளம் வாங்குகிறார். அவருடைய விருப்பு வெறுப்புக்கு மத சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது.

கட்டுரையாளர் கமுதி வழக்கின் தீர்ப்பைப் படிக்க விரும்பினால் நகல் அனுப்பத் தயார். 7-அ பிரிவை இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் விரிக்க சட்டமன்றத்தால் முடியுமா என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் அடுத்த இதழில் எழுதுகிறார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கத்திலிருந்து பால்புதுமையினர் தங்கள் கோயிலைப் பற்றி, சர்ச்சைப் பற்றி, பள்ளிவாசலைப் பற்றி எழுதி அனுப்பினால் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.