பிழைக்க வந்தவர்களா நாம்?

கோடை விடுமுறை விட்டதும் தங்கவயல் லைன்களில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு, தாத்தா ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று புறப்படுகின்றன. பேத்தமங்கலம், வி.கோட்டா, அங்கிருந்து மலையிறங்கிப் பேரணாம்பட்டு, குடியாத்தம். ஒரு பகலுக்குள் மூன்று மாநிலங்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள்; பங்காளி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

போய்வருவதை நாம் குறை சொல்லவில்லை. முன்னோரை நினைப்பது நல்ல பண்பு. ஆனால் திரும்பி வரும்போது ஒரு பேச்சையும் கூடவே கொண்டுவருகிறோம். "என்ன இருந்தாலும் சொந்த ஊர் அதுதான், இங்கே நாம் பிழைக்க வந்தவர்கள்" என்கிறோம். தோழர்களே, தாய்மார்களே! நம் எதிரிகள் செய்ய முடியாத கேட்டையெல்லாம் இந்த ஒரு பேச்சு நமக்குச் செய்துகொண்டிருக்கிறது.

தாத்தா ஏன் புறப்பட்டார்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பெரும் பஞ்சம் உலுக்கியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே சுரங்கத்தில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் விட்டு வந்தது வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணம். வந்து சேர்ந்தது மைசூர் சமஸ்தானம். இன்று வேனில் அரை நாள் வழி. அன்று அது வேறொரு சீமை.

வந்தவர்களில் பெரும்பாலோர் யார்? சேரி மக்கள். பிறர் நிலத்தில் பாடுபட்டு, பிறர் கிணற்றுக்கு எட்ட நின்று, அளந்து போட்ட கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள். அந்த ஊரில் தாத்தாவுக்குக் காணி இருந்ததா? ஊர்த் தெருவில் நிமிர்ந்து நடக்க உரிமை இருந்ததா? இருந்திருந்தால், வெளிச்சம் எட்டாத குழிக்குள் இறங்க அவர் ஏன் வருகிறார்? தாத்தா வேண்டாமென்று உதறிவிட்டு வந்த ஊரைப் பேரப்பிள்ளைகள் நாம் சொந்த ஊர் என்று கொண்டாடுகிறோம்!

இன்று அங்கே போனால் என்ன காண்கிறோம்? பங்காளிகள் அன்பாகத்தான் வரவேற்கிறார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் குடியாத்தம் பீடி வேலைக்கும் போய்த்தான் அடுப்பெரிக்கிறார்கள். நமக்கென்று ஒதுக்கி வைத்த குழி நிலம் அங்கே இல்லை. தெருவில் நடந்தால் 'கோலார்க்காரர் வந்திருக்கிறார்' என்கிறார்கள். அந்த ஊரே நம்மை இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறது. நமக்குத்தான் அது உறைக்கவில்லை.

இங்கே நாம் செய்தது என்ன?

தட்டி வீடுகளில் குடியிருந்துகொண்டு நம் பாட்டன்மார் தோண்டிய சுரங்கம், சாம்பியன் ரீப்பில் பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அனல் கக்கும் ஆழம். பாறை தானாக வெடித்துச் சிதறும்போது மேலே வராமல் போனவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து, வேலை முடிந்தபின் வீட்டுத் திண்ணையில் இருமி இருமியே செத்தவர்கள் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. கம்பெனிக்கு லாபம், மைசூர் அரசுக்கு ராயல்டி, நமக்குக் கல்தூசி.

சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் 1902-ல் முதலில் எங்கே வந்தது? தங்கவயல் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். மாநிலம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த மின்சார வரலாறு நம் பாட்டன் வியர்வையில் தொடங்கியது.

கூலி வாங்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை கண்டார்கள். அவர் மறைந்தபின் 'தமிழன்' இதழ் 1926-ல் மீண்டும் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஊரில் எழுத்தை எட்டிப் பார்க்கவிடாமல் தடுக்கப்பட்டவர்கள், இங்கே பத்திரிகை நடத்தினார்கள்! 1930-ல் கைரேகை பதிய வேண்டுமென்று கம்பெனி சொன்னபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்று வேலையை நிறுத்தினார்கள். 1946 வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தார்கள். பிழைக்க வந்தவன் இப்படியெல்லாம் செய்வானா? ஊர்க்காரன் செய்கிற வேலை இது.

சொல்லுக்குள் இருக்கும் சூது

பிழைக்க வந்தவன் என்றால், பிழைப்பு முடிந்ததும் போக வேண்டியவன் என்று பொருள். முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் இதைவிட வசதியான சொல் கிடைக்குமா? சுரங்கம் 1956-ல் மைசூர் அரசிடம் போனது. 1962-ல் மத்திய அரசிடம் போனது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. முதலாளிகள் மாறினார்கள், லைன் வீடு மட்டும் நம்முடையதாகவில்லை. 2001 பிப்ரவரி முடிவோடு சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் மாரிகுப்பத்தில் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்பும் வாழ்வு நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது. இதைத் தட்டிக் கேட்க வேண்டிய நாமே 'நாம் வந்தேறிகள்தானே' என்று பெருமூச்சு விட்டால், கேட்க யார் இருக்கிறார்கள்?

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பைச் சாக்கிட்டுப் பெங்களூரிலும் தென் மாவட்டங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். 'உன் ஊருக்குப் போ' என்பவனுக்கு 'என் ஊர் அங்கேதான்' என்று நாமே முகவரி எழுதிக் கொடுக்கலாமா?

இந்தச் சூதை முழுதாக அனுபவித்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் குடியுரிமையை 1948-ல் பறித்தார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அவர்களைக் கேட்டா எழுதினார்கள்? 'தாத்தா ஊருக்குப் போகிறீர்கள்' என்று கப்பலேற்றினார்கள். மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்குத் தாத்தா ஊர் இல்லை. பலருக்கு மீண்டும் நீலகிரியில் தேயிலைக் கூடைதான் காத்திருந்தது. அங்கே அவர்கள் இந்தியாக்காரர்; இங்கே 'சிலோன்காரர்'. இலங்கையிலேயே நின்று போராடியவர்களுக்கு 2003-ல்தான் மிச்சமிருந்த குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சட்டம் வந்தது. நின்றவர்கள் ஊரைப் பெற்றார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

செய்ய வேண்டியது

இது கன்னட மக்களுக்கு எதிரான பேச்சு அல்ல. பேத்தமங்கலம் ஏரியை நிரப்பும் பாலாறுதான் கீழே வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகிறது. ஆற்றுக்கு இல்லாத எல்லை தொழிலாளிக்கு எதற்கு? கன்னடத்தை நம் பிள்ளைகள் செம்மையாகப் படிக்கட்டும். அந்தக் கன்னடத்திலேயே மனு எழுதட்டும். தமிழையும் விடாமல் படிக்கட்டும்.

வீட்டிலிருக்கும் தாத்தாவின் வேலைச் சீட்டு, வீடு ஒதுக்கிய காகிதம், பள்ளிச் சான்று எதையும் பழைய பேப்பர்க்காரனிடம் போடாதீர்கள். அவை நம் பூர்வீகப் பத்திரங்கள். குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நம் பெயரில் உரிமைப் பத்திரம் கேட்போம். சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்திருக்கிறது. அந்தப் புழுதியைக் காலமெல்லாம் சுவாசித்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலையில் முதலிடமும், மூச்சுக்குப் பாதுகாப்பும் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும் என்போம்.

அடுத்த விடுமுறையில் குடியாத்தத்துக்குப் போங்கள், பொங்கலும் வையுங்கள். அதற்கு முன் ஒரு நாள் பிள்ளைகளைச் சாம்பியன் ரீப் சுரங்க வாசலுக்கும், பாட்டன்மார் புதைந்த இடுகாட்டுக்கும் கூட்டிச் செல்லுங்கள். காணியில்லாத ஊரிலிருந்து வந்தவர் தன் உடலையே இந்த மண்ணுக்குக் கொடுத்தார் என்று சொல்லிக் கொடுங்கள். பிழைக்க வந்தோம் என்ற பேச்சு நம் தலைமுறையோடு ஒழியட்டும். தங்கவயல் நம் ஊர். ஊர்க்காரர்களாக உரிமை கேட்போம்!